பொனட்டுக்குள் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலை, பெரகல சந்திக்குக் கீழே, மூன்றாவது தடவையாக என் கார் உதறியது. பின்னால் நான்கு பிள்ளைகள், புத்தகப் பைகளோடு. ஏற்றத்தில் மிதித்தால் இஞ்சின் விக்குகிறது, நடுங்குகிறது, மஞ்சள் விளக்கு கண்ணடிக்கிறது. ஓரங்கட்டி மூச்சு விடுவதற்குள், சொல்லிவைத்தது போல் கிருபாகரன் அண்ணனின் வேன் வந்து நின்றது. மூன்று தடவையும் அவர்தான் வந்தார். ஒரு மனிதருக்கு மூன்று தடவையும் அதே வளைவு எப்படி அமையும்? அவரும் பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் பிள்ளை ஏற்றுகிறார், அதே நேரம், அதே பாதை என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இந்த மலைப் பாதையெல்லாம் உனக்கு எதற்கு தங்கச்சி என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு முன்னால், தாய்மார் எல்லாரும் நிற்கும்போதே அவரிடம் கேட்டுவிட்டேன். போன வாரம் பார்த்துத் தருகிறேன் என்று பொனட்டைத் திறந்து குனிந்தீர்களே, அப்போது என் காரில் என்ன செய்தீர்கள் என்று. அவர் முகம் செத்துப்போனது. ஒரு வார்த்தை பேசாமல் வேனை எடுத்தார். மடியில் கனமில்லாதவர் வாயைத் திறக்க வேண்டியதுதானே?

அந்தத் தாய்மாரில் மூத்தவரான மாரியாயி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கார் ஒழுங்காக ஓடாவிட்டால் நான்கு பிள்ளைகளும் இனி வேனில்தான் போகும் என்றார். அந்த நான்கு பிள்ளைகள் போனால் என் ஓட்டமே போச்சு. மறுபடி தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி அஸீஸ் நானாவின் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். நான் சொன்ன நடுக்கத்தைக் கேட்டதுமே, ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில் ஒன்று செத்திருக்கும் என்றார். என் காருக்கு மூன்று கொயில். இஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றின் வயரையும் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல கொயிலின் வயரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். செத்ததைக் கழற்றினால் ஒன்றும் மாறாதாம். புதுக் கொயிலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் புருஷன் ஜூட் பக்கத்தில் நின்றார். வாய் மூடாத மனுஷன், அன்று ஊமையாகிவிட்டார். பேசியதே ஒன்றுதான்: கராஜுக்கு அனுப்பலாம், நீ கை வைக்காதே. ஏன் கை வைக்கக்கூடாது? இவருக்கும் கிருபாகரன் அண்ணனுக்கும் நடுவில் ஏதாவது பேச்சு நடந்திருக்குமோ என்று என் மனசில் ஓடியது. ஆணி கழற்றும் சாவியைக் கேட்டால் இரண்டு தடவை தவறான சாவியை நீட்டினார்.

நடுக் கொயிலின் வயரைக் கழற்றியபோது இஞ்சின் கவலையே படவில்லை. அதுதான். இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெற்றரியின் கறுப்பு வயரையும் கழற்றி வைத்தேன். கொயிலின் ஒற்றை ஆணியைத் திருகி எடுத்து, மெல்லத் திருப்பி இழுத்தேன். அதன் ரப்பர் கால் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ப்ளக் தண்ணீரில் நிற்கிறது.

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் மழையே இல்லை. கார் நிற்பது தகரக் கூரைக்குக் கீழே. ஆக, யாரோ ஊற்றியிருக்கிறார்கள். பாவி மனுஷன், பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்றுகூடப் பார்க்கவில்லையே என்று கிருபாகரன் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே ரப்பரைத் துடைத்தபோது ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

நான் நிமிர்ந்து பார்த்தபோது ஜூட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தீர்த்தம், றீட்டா. கோயில்ல ஃபாதர் உப்புப் போட்டு மந்திரிச்சுக் குடுத்தது."

தினமும் காலையில் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பொனட்டைத் திறந்து, இஞ்சினுக்கு நடுவில் சிலுவை போட்டு ஊற்றியிருக்கிறார். தெளித்தால் போதாது என்று நினைத்தாராம். கார் உதற ஆரம்பித்ததும் இன்னும் கூட ஊற்றினாராம்.

"என்னன்னு வேண்டுனீங்க?"

"நீ பத்திரமா வரணும்னு. இல்லாட்டி... நீ போகாம இருக்கணும்னு."

மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தபோது இவருடைய அக்கா மண்ணுக்குள் புதைந்துபோனவர். அன்றிலிருந்து மலை என்றால் இவருக்கு உயிர் நடுங்கும். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இப்படி இரண்டு விதமாக வேண்டினால் ஆண்டவர்தான் எதைக் கேட்பார்? எவ்வளவு பெரிய பழியை எந்த மனிதர் தலையில் போட்டுவிட்டேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"திங்கக்கிழம நீங்களும் வண்டியில ஏறுங்க. பயம்னா பக்கத்துல உக்காந்து பயப்படுங்க" என்றேன்.

பழந்துணியைத் திரித்து உள்ளே விட்டு, ஈரம் போகும்வரை ஒற்றி எடுத்தேன். புதுக் கொயிலை அழுத்தி, ஆணியை முடுக்கி, வயர்களை மாட்டினேன். இஞ்சின் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை தாய்மார் நின்றார்கள். கிருபாகரன் அண்ணனும் வேனோடு நின்றார், என் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால், புருஷனே நம்பாத டிரைவர் என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவர் கள்ளனாகவே நிற்பார். எல்லாருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொன்னேன், தீர்த்தத்தையும் சேர்த்து. என்னை மன்னிச்சிருங்க அண்ணே என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், சிரிக்கவில்லை. இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள்.

மாரியாயி அக்கா மகளின் கையைப் பிடித்தபடி, முன் சீட்டில் இருந்த ஜூட்டிடம் குனிந்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. பயமா இல்லையா?"

ஜூட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பயமாத்தான் இருக்கு அக்கா. மலைய நெனச்சுத்தான். இவ ஓட்டுறதுல எனக்குப் பயம் இல்ல."

"அந்தப் பயம் இங்க யாருக்கு இல்ல?" என்று சொல்லி, மாரியாயி அக்கா பின் கதவைத் திறந்து மகளை ஏற்றினார். அவருக்குப் பின்னால் இன்னொரு தாயும் வந்தார்.