தங்க மூக்குக்கு அடித்த கார்க் வாடை

தாரிஹா பள்ளத்தாக்கில் ஒயின் போட்டி என்றால் தலைமை நடுவர் தோன் எவெலியோதான். வேறு ஆளைப் போட்டால் திராட்சைக் கொடியே கோபித்துக்கொள்ளும் என்கிற மாதிரிப் பேசுவார்கள். பத்திரிகைக்காரர்கள் அவருக்குத் ‘தங்க மூக்கு’ என்று பட்டம் கொடுத்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரையே படுக்கப் போட்ட அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு தங்க மூக்கில் ஒரு வாசனையும் ஏறுவதில்லை என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் மனுஷர் தலை தூக்கமாட்டார். ஏதோ பெரிய யோசனை என்று அந்த அம்மாள் நினைத்துக்கொள்வாள்.

உண்மை வெளியே வந்தால் பதவி போகும். பதவி போனால் தாரிஹாவில் அவரை யார் மதிப்பார்கள்? அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பக்கத்து நாற்காலி தோன்யா நியெவெஸின் முகம்தான் அந்த வழி. கிளாஸை முகர்ந்ததும் அந்த அம்மாளின் புருவம் ஏறினால் தங்கப் பதக்கம், உதடு சுழித்தால் ஒன்றுமில்லை. அதைப் பார்த்து மார்க் போட்டுவிட்டு, “நனைஞ்ச பாறை, பழைய குதிரைச் சேணம், கடைசியில கொஞ்சம் துக்கம்” என்று வாய்க்கு வந்ததைச் சேர்ப்பார். மற்றவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள்.

அந்த முகத்திலும் ஒன்றும் தெரியாவிட்டால் கார்க் இருக்கவே இருக்கிறது. வாயை அடைக்கும் கார்க் தக்கை கெட்டுப்போய் ஈரச் சாக்கு நாற்றம் ஏறிய பாட்டில் எந்தப் போட்டியிலும் ஒன்றிரண்டு வரும். ஆகவே கிளாஸைத் தள்ளிவைத்து “கார்க்” என்று சொல்லிவிட்டால் போதும். விதிப்படி அதே ஒயினில் இன்னொரு பாட்டில் திறப்பார்கள். தங்க மூக்குக்கு அடிக்கிற வாடை எனக்கு அடிக்கவில்லை என்று எவன் சொல்வான்?

இந்த வருடம் ஒரு சிவப்பு ஒயின் வந்தபோது நியெவெஸின் முகம் சுவர் மாதிரி இருந்தது. தோன் எவெலியோ கிளாஸைத் தள்ளினார்.

“கார்க் அடிக்குது.”

“குப்புன்னு அடிக்குதே, சாமி,” என்றார் நியெவெஸ். “கிட்டயே கொண்டுபோக முடியல.”

மற்ற மூன்று நடுவர்களும் சும்மா இருப்பார்களா? ஒருவருக்கு நனைந்த நாய் வாடை அடித்தது, ஒருவருக்குத் தலையே வலித்தது. ஐந்து பேரும் ‘கார்க்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

பாட்டில் நடுவர்கள் கண்ணில் படக்கூடாது என்பதால் திரைக்குப் பின்னால்தான் திறப்பார்கள். அன்றைக்கென்று கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. அந்த அமைதியில் திரைக்குப் பின்னாலிருந்து இரண்டாவது பாட்டிலின் தகர மூடியைத் திருகித் திறக்கும் சத்தம் கறகறவென்று கேட்டது. அந்த ஒயினுக்குக் கார்க்கே கிடையாது.

தொலைந்தோம், இப்போது யாராவது ஒருவர் சிரிக்கப்போகிறார் என்று தோன் எவெலியோ காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கிளாஸ் வந்தது. நியெவெஸ் முதலில் முகர்ந்தார்.

“இது சுத்தம். அதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்குமில்ல வித்தியாசம்.”

ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். அந்த ஒயினுக்கு ஒருமனதாகத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தோன் எவெலியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இடைவேளையில் முற்றத்தில் இறைச்சி அடைத்த எம்பனாடா தின்றுகொண்டிருந்தவரிடம் நியெவெஸ் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“தோன் எவெலியோ, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை நம்பித்தான் சொல்றேன். அந்தக் காய்ச்சலோட எனக்கு மூக்கு போயிடுச்சு. உங்க முகத்தைப் பாத்துதான் இத்தனை நாளா ஓட்டிட்டிருக்கேன். காலையில அந்தச் சிவப்புக்கு உங்களையே பாத்துட்டிருந்தேன், ஒண்ணுமே பிடிபடல. மத்தியானமாவது புருவத்தைக் கொஞ்சம் நல்லாத் தூக்குங்க.”

வாயில் எம்பனாடாவோடு தோன் எவெலியோ சரியென்று தலையை ஆட்டினார்.

மணி அடித்தது. எல்லோரும் மேசைக்குத் திரும்பினார்கள். அடுத்த கிளாஸ் வந்தது. அவர் நியெவெஸைப் பார்த்தார், நியெவெஸ் அவரைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் கிளாஸை மூக்கருகே பிடித்தபடி இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.