கொக்கியில் மாப்பிள்ளை

அந்தப் பட்டறையில் ஃபிட்டரும், சங்கிலியால் எடை தூக்கும் ஹாய்ஸ்டின் ஆபரேட்டரும் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலேயே இரண்டு டன் எடையுள்ள கடைசல் இயந்திரங்களைத் தூக்கி, நகர்த்தி, லாரியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படி முடிந்தது என்றால், நடுவில் தூதுக்கு ஸ்டோர் அக்கா இருந்தாள்.

ஃபிட்டரின் மனைவி ஆபரேட்டரின் தங்கை. ஆக, ஃபிட்டருக்கு ஆபரேட்டர் மச்சான். ஆபரேட்டருக்கு ஃபிட்டர் வீட்டு மாப்பிள்ளை. ஆபரேட்டர் வயதில் மூத்தவர், ஃபிட்டர் உறவில் மரியாதைக்குரியவர். இரண்டு பேருமே ஒருவரையொருவர் 'நீங்க' என்று கூப்பிட்டே சண்டை போட்டிருந்தார்கள். அதனால்தான் சண்டை இத்தனை நாள் நீடித்தது என்பது ஸ்டோர் அக்காவின் கருத்து. "வாடா போடான்னு கத்தியிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும்" என்பாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு மின்விசிறி. ஆபரேட்டர் புது வீட்டுக்குக் குடிபோனதும் சொந்தக்காரர்கள் பதினேழு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து முதல் கவளத்தைக் கையில் எடுத்தபோது ஃபிட்டர் அண்ணாந்து பார்த்தார். விசிறி தொங்கும் கொக்கியில், ஆணி கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இல்லை. "யாரும் அசையாதீங்க" என்றார். அப்புறம், "எல்லாரும் எழுந்து வெளிய போங்க" என்றார். வெளியே மழை. வந்தவர்கள் எல்லோரும் மாடிப்படியில், ஒரு படிக்கு ஒருவராக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஆபரேட்டரின் மனைவி பரிமாறுவதற்காக அன்று படி ஏறி இறங்கியதில் முழங்கால் வீங்கிப்போனது. ஃபிட்டர் மட்டும் சாப்பிடாமல் ஏணி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

அவர் சுபாவமே அப்படி. பட்டறையில் அவருக்கு 'மறுபடி' என்று பெயர். எந்த வேலையை முடித்தாலும் 'மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்' என்பார். அதற்காக மேல்சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு படியும் முடிந்ததும் அதில் 'ஆச்சு' என்று எழுதி ஒரு கோடு போடுவார். கோடு விழாத வரைக்கும் உலகம் காத்திருக்க வேண்டும்.

இப்போது சொல்லவந்தது, ஹாய்ஸ்டுக்குப் புதுக் கொக்கி மாட்டிய நாளைப் பற்றி.

பழைய கொக்கியின் வாய் மூன்று மில்லிமீட்டர் விரிந்துவிட்டதென்று ஃபிட்டர் அளந்து பார்த்து, அதைக் கழற்றி, இனி யாரும் எடுத்துவிடாதபடி இரண்டாக அறுத்துப் போட்டிருந்தார். முதலாளி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் புதுக் கொக்கி வந்து சேர்ந்தது. அதே காலையில் லாரியும் வந்து சேர்ந்தது. ரிப்பேர் முடிந்த ஒரு கடைசல் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போக வந்த லாரிக்காரர், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். முதலாளி "பத்து நிமிஷம்" என்றார். ஃபிட்டர் "முடியும்போது முடியும்" என்றார். லாரிக்காரர் இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து ஒரு மரப்பெட்டி மேல் படுத்துக்கொண்டார்.

ஃபிட்டர் வேலையை ஆரம்பித்தார். முதலில் மேலிருந்து கீழ்வரை சங்கிலியைக் கையால் தடவி, எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். ஆச்சு. கடைசி வளையத்தைத் துணியால் துடைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். ஆச்சு. கொக்கியின் கழுத்துக்குள் அந்த வளையத்தை நுழைத்து, குறுக்கே தடித்த ஆணியைச் செருகி, அதன் மறுமுனையில் நட்டைப் போட்டு, ஸ்பானரால் இறுக்கினார். ஆச்சு. இனி பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. நட்டு தளராமல் இருக்க, ஆணியின் நுனித் துளையில் ஸ்பிளிட் பின்னை விட்டு இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும்.

பின்னைக் கையில் எடுத்தார். 'பின் போட்டு மடக்கியது, ஆச்சு' என்று நோட்டில் எழுதிக் கோடும் போட்டார். பின் கையில்தானே இருக்கிறது, எழுதி முடித்துவிட்டுப் போடலாம் என்பது அன்றைக்கு அவர் எண்ணம். அந்த நேரம் பார்த்து முதலாளி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். ஃபிட்டர் பின்னைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். "இன்னுமா?" என்று கேட்பதற்குத்தான் கூப்பிட்டிருந்தார் முதலாளி. ஃபிட்டர் திரும்பி வந்து நோட்டைப் புரட்டினார். 'ஆச்சு' என்று தெளிவாக எழுதி, கோடும் போட்டிருந்தது. தன் கையெழுத்தைவிட அவர் நம்பியது இந்த உலகத்தில் எதுவும் இல்லை. அடுத்த படிக்குப் போய்விட்டார்.

அடுத்த படி, கொக்கி வாயில் இருக்கும் தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்ப்பது. கட்டைவிரலால் உள்பக்கம் அழுத்தினால் திறக்கும், விட்டால் 'டக்'கென்று மூடிக்கொள்ளும். பத்து தடவை பார்ப்பது அவர் கணக்கு. ஏழு தடவை ஆனபோது எண்ணெய் டப்பா கீழே இருப்பது கண்ணில் பட்டது. திரும்பிக் குனிந்தார். குனிந்து நிமிர்ந்தபோது, அவர் போட்டிருந்த வேலைச் சட்டையின் முதுகில் குறுக்கே போகும் பட்டை கொக்கியின் மூக்குக்கு மேல் போய், தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. 'டக்'. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. எட்டாவது தடவையும் சரியாக மூடுகிறது என்று மட்டும்தான் நினைத்தார்.

ஆபரேட்டர் பத்தடி தள்ளி, பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். மாப்பிள்ளையோடு வேலை செய்யும்போது சுவரைப் பார்ப்பது அவர் வழக்கம். உத்தரவு ஸ்டோர் அக்கா வாயால்தான் வர வேண்டும்.

ஃபிட்டர் நிமிர்ந்தபடியே சொன்னார்: "அக்கா, அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்லுங்க. சோதனை எடை வந்த பிறகு, நான் மறுபடி ஒரு தடவை பாத்துட்டு, சரின்னு கையைக் காட்டினா மட்டும்தான் ஏத்தணும். அதுவரைக்கும் பொத்தான்ல விரலே வைக்கக் கூடாது."

ஸ்டோர் அக்காவுக்கு இந்தத் தூது வேலை அலுத்துப்போயிருந்தது. ஆரம்பத்தில் சொல்லுக்குச் சொல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு 'அந்தப் பெரிய மனுஷன்' போன்றவற்றைக் கழித்துவிட்டுச் சொன்னாள். மூன்றாவது மாதத்தில் சுருக்கம் நன்றாகக் கைவந்திருந்தது. அன்று அவள் வாயில் வேறு ஊசிநூல் இருந்தது; கிழிந்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தணுமாம்" என்றாள்.

ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார்.

சங்கிலி கிறுகிறுவென்று மேலே போனது. அதோடு ஃபிட்டரும் போனார். ஸ்டோர் அக்கா போட்ட கூச்சலில் ஆபரேட்டர் விரலை எடுத்துத் திரும்பியபோது, மாப்பிள்ளை தரையை விட்டு எழும்பி, உலரப் போட்ட கால்சட்டை மாதிரி முன்பக்கம் குனிந்து தொங்கிக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய் டப்பா அப்படியே இருந்தது.

"மெதுவா இறக்கறேன், இறக்கறேன்" என்று ஆபரேட்டர் பதறினார்.

"கை வைக்காதீங்க" என்றார் ஃபிட்டர்.

மூன்று மாதத்தில் அவர் மச்சானிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எடை வச்சு சோதிக்காத கொக்கி இது. இந்த நிலைமையில சங்கிலியைக் குலுக்கக் கூடாது. முதல்ல மேல ஏறி, இணைப்பு சரியா இருக்கான்னு யாராவது பாக்கணும். அப்புறம்தான் இறக்கணும்."

"ரெண்டு டன்னு தூக்கற கொக்கி, உங்களைத் தாங்காதா?"

"தாங்கும்னு நினைக்கறது வேற, பாத்துத் தெரிஞ்சுக்கறது வேற."

கொக்கி நன்றாகச் சுழலும்படி காலையில் அவரே எண்ணெய் விட்டிருந்தார். அதனால் பேசப் பேச அவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியம் ஆபரேட்டருக்கும், மீதி சுவருக்கும், கடைசிச் சொல் ஸ்டோர் அக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்த லாரிக்காரர் அவர் முகத்தைப் பார்க்க முயன்று கூடவே ஒரு சுற்று நடந்தார்.

"நாலு பேர் சேர்ந்து அலாக்காத் தூக்கிக் கழட்டி விட்டா போதாதா?" என்றார் லாரிக்காரர்.

"கொக்கிக்கு அடியில யாரும் நிக்கக் கூடாது."

"அடியில இருக்கறது நீங்கதானே?"

ஃபிட்டர் எண்ணெய் டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். நல்லவேளையாக அப்போது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். தொங்குகிறவரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "யார் சொல்லி இவரைத் தூக்கினீங்க?" என்று கேட்டார். எல்லோரும் ஸ்டோர் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கையுறையைப் பார்த்தாள்.

ஆபரேட்டர் மரப்பெட்டியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். ஒரு கையால் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துச் சுற்றாமல் நிறுத்தினார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. என்ன பாக்கணும்?"

"சங்கிலி முறுக்கியிருக்கா?"

"இல்ல."

"ஆணி குறுக்கே நேரா இருக்கா?"

"இருக்கு."

"நட்டு?"

"இறுக்கமா இருக்கு."

"ஸ்பிளிட் பின் ரெண்டு காலும் மடங்கியிருக்கா?"

ஆபரேட்டர் பார்த்தார். ஆணியின் நுனியில் துளை இருந்தது. துளை வழியாகப் பட்டறையின் ஜன்னல் தெரிந்தது. பின் இல்லை.

அவர் மனத்தில் அந்த ஒரு நொடியில் என்னவெல்லாம் ஓடியிருக்கும். மாடிப்படி, மழை, மனைவியின் முழங்கால். 'பின் இல்லாம ஒரு விசிறி தொங்கினதுக்கு என் வீட்டு விருந்தையே தெருவுக்குக் கொண்டுவந்தீங்களே' என்று இப்போது சத்தமாகக் கேட்டால், பட்டறை மொத்தமும் சாட்சி. ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டலாம். குனிந்து மாப்பிள்ளையின் பிடரியைப் பார்த்தார். அது வேர்த்து, முடி ஒட்டிக்கிடந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

"மடங்கியிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு மாப்பிள்ளையின் காதருகே, "பின் எங்க?" என்றார்.

"என்ன எங்க?"

"மெதுவாப் பேசுங்க. பின். துளை காலியா இருக்கு."

"இருக்காதே. நோட்ல எழுதியிருக்கேன்."

"நோட்ல இருக்கலாம். இங்க இல்ல."

ஃபிட்டர் பைக்குள் கை விட்டார். நோட்டுப் புத்தகத்துக்கு அடியில், விரலில் குத்திக்கொண்டு, பின் இருந்தது. எடுத்துத் தலைக்கு மேல் நீட்டினார். ஆபரேட்டர் அதை வாங்கித் துளையில் விட்டு, இடுக்கியால் இரண்டு காலையும் விரித்து மடக்கினார். பார்த்தவர்களுக்கு அவர் இணைப்பைச் சோதிக்கிற மாதிரிதான் இருந்தது. இறங்கிவந்து பொத்தானைத் தொட்டுத் தொட்டு, முட்டைகளை வைப்பதுபோல் மாப்பிள்ளையைத் தரையில் வைத்தார். பட்டையைக் கழற்றிவிட்டார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஃபிட்டர் கால் ஊன்றியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நான் பின் போடல. போடாமலே போட்டதா எழுதியிருக்கேன். தப்பு என்னோடது. மச்சான்தான் இப்ப போட்டார்."

ஆபரேட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏன் மாப்பிள்ளை, உங்க மானத்தைக் காப்பாத்தலாம்னுதானே நான் வாயை மூடிக்கிட்டு வேலை பாத்தேன்? இப்ப நான் பொய் சொன்னவனாயிட்டேனா?"

"நீங்க சொன்னது பொய்தானே மச்சான்."

"உங்களுக்காகச் சொன்னது."

"எனக்காகன்னாலும் கொக்கி விஷயத்துல பொய் சொல்லக் கூடாது. நாளைக்கு வேற யாராவது தொங்கினா?"

"வேற யார் தொங்குவா? இந்தப் பட்டறையில முதுகைக் கொண்டுபோய்க் கொக்கியில மாட்டிக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"நீங்க சுவரைப் பாக்காம என்னைப் பாத்திருந்தா மாட்டியிருக்காது."

"பாக்கற மாதிரியா நடந்துக்கிட்டீங்க?"

இப்படி அரை மணி நேரம். விசிறி வந்தது, மழை வந்தது, மூன்று மாதத்தில் தொண்டையில் நின்றுபோன எல்லாமே வந்தது. நடுவில் ஒரு தடவை ஃபிட்டர், "உங்க வீட்டு அக்காவோட முழங்கால் வீங்கினதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?" என்று கேட்டார். "சொன்னா ஏணியோட வந்து படியை அளப்பீங்க" என்றார் ஆபரேட்டர். லாரிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆபரேட்டருக்கும் வந்தது. ஃபிட்டர் மட்டும், "படி உயரம் ஒண்ணுக்கொண்ணு சரியில்லதான்" என்றார்.

ஸ்டோர் அக்கா கையுறையைத் தைத்து முடித்தாள். இரண்டு பேரும் அவளைத் தாண்டி நேருக்கு நேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முதலாளிதான், "சண்டையை முடிச்சிட்டீங்கன்னா சோதனை எடையைத் தூக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டார்.

தூக்கினார்கள். இரண்டரை டன் எடை பத்து நிமிடம் அசையாமல் தொங்கியது. ஃபிட்டர் கையைக் காட்ட, ஆபரேட்டர் அவர் முகத்தைப் பார்த்தபடியே இறக்கினார். கடைசல் இயந்திரம் பூப்போல லாரியில் போய் உட்கார்ந்தது. லாரிக்காரர் கிளம்பும்போது, "இந்தப் பக்கம் மறுபடி வந்தா நான் காலையிலேயே சாப்பிட்டுட்டு வரணும்" என்றார்.

சாயங்காலம் ஆபரேட்டர் தங்கை வீட்டுக்கு வந்தார். முதுகுப் பட்டை நைந்துபோன வேலைச் சட்டையை மடியில் வைத்துத் தங்கை பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார். அவள் நூலைக் கடித்து அறுத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல தொங்கினாரு?"

"முழங்கால் உயரம்" என்றார் ஆபரேட்டர்.

"அரை மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் கம்மி" என்றார் ஃபிட்டர்.

"தொங்கிக்கிட்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? பாத்தவன் நான்."

"சங்கிலி வளையத்தை எண்ணிப் பாத்தா தெரிஞ்சுடும் மச்சான். நாளைக்குப் போனதும் எண்ணலாம்."

"எண்ணலாம். நான் எண்ணறேன், நீங்க எழுதுங்க."

"எண்ணின பிறகுதான் எழுதுவேன்" என்றார் ஃபிட்டர்.