பாம்புச்செவிக்காரரின் கார்

அப்பாவின் காரில் ஏறியவர்கள் வாய் திறக்கக்கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். ரேடியோ கிடையாது, பாட்டுக் கிடையாது. கண்ணாடி ஒரு விரலளவு இறங்கியே இருக்கும். எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா ஓட்டுவார். டிக் டிக் என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தால் ஆயில் குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓரங்கட்டுவார். டிக்கியில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கிளம்புவார். வயதான கார், ஆயிலைக் குடிக்கும். ஆயில் தீர்ந்தால் எரியவேண்டிய சிவப்பு விளக்கு என்றைக்கோ கண்ணை மூடிவிட்டது. "விளக்கு எதுக்கு? காது இருக்கு" என்று அதை மாற்றாமலே விட்டுவிட்டார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அச்சகத்தில் ராட்சத இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். எந்த உருளை தகராறு செய்கிறது என்பதை நடந்துகொண்டே சொல்லிவிடுவாராம். கூட இருந்தவர்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. ஓய்வு பெற்றபோது கிடைத்த கைக்கடிகாரத்தை அவர் ஒருநாள்கூடக் கட்டியதில்லை. அந்தப் பெயரை ஒருநாளும் கழற்றியதில்லை.

அந்தக் கார்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடுரோட்டில் நின்றது. பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பும் வழி. மேம்பாலம் ஏறும்போது எஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியலால் அடிப்பதுபோல் டங் டங் என்று கேட்டது. அப்பா திடுக்கிட்டு ஓரங்கட்டுவதற்குள் ஒரு பெரிய இடி, பிறகு புகை, பிறகு ஒன்றுமில்லை. பின்சீட்டில் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தில்கூடச் சட்டத்தை மீறவில்லை.

மறுநாள் அப்பாவோடு அம்மாவும் மகளும் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் மாமா காருக்கு அடியிலிருந்து கறுத்த முகத்தோடு வெளியே வந்தார். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக், அவர்தான் மாமா. கையிலிருந்த தட்டை நீட்டினார். அதில் ஒரு கரண்டி ஆயில்கூடத் தேறாது. அந்தக் கொஞ்சத்திலும் பொடிப்பொடியாக உலோகம் மினுங்கியது.

"சொட்டு ஆயில் இல்லாம ஓட்டியிருக்கே. உள்ளே எல்லாம் உரசி, ராடு உடைஞ்சு, பிளாக்கே ஓட்டை. இந்த எஞ்சின் இனிமே ஆகாது. வேற எஞ்சின்தான் தூக்கி வைக்கணும்."

"நான் ஆயில் இல்லாம ஓட்டுவேனா?" என்றார் அப்பா.

"அதான் எனக்கும் புரியலை. ஆயில் குறைஞ்சா டிக் டிக்னு கத்தியிருக்குமேய்யா."

"கத்தலை."

"கத்தாம இருக்காது."

"கத்தியிருந்தா எனக்குத் தெரியாதா? நேத்து அந்தப் பாலம் வரைக்கும் பூனை மாதிரி வந்தது." அப்பாவின் குரல் ஏறியது. "போன மாசம் சர்வீஸ்ல என்னத்தய்யா ஊத்தினே? கலப்பட ஆயிலா?"

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவரின் கை நின்றது. மாமா தட்டைக் கீழே வைத்தார். சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாத முகம்.

"யோவ், என்ன பேச்சு இது?"

"அச்சகத்துக்காரங்க அத்தனை பேரும் என் வாயை நம்பித்தான் உங்கிட்ட வண்டியை விடறாங்க. நாளைக்கு அவங்களுக்கு நான் பதில் சொல்லணுமில்ல?"

"சொல்லு. தாராளமாச் சொல்லு. உன் வண்டியையும் வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போ." மாமா கந்தலில் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

மகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இரண்டு வாரமாக முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தினமும் காலையில் அவளைத் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் இறக்கிவிடுவது அப்பாதான். அப்பா எப்போது ஓரங்கட்டுவார் என்று முதல்நாள் காத்திருந்தாள். பிறகு, அவருக்குத் தெரியாததா, ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அழைப்புமணி பழுது என்று அப்பா புதிதாக மாட்டியது. பழையது நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் ஏன் முணுமுணுக்கிறீர்கள் என்று அவர் எரிந்து விழுந்தது. வயதானால் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகும் என்று கல்லூரியில் படித்திருக்கிறாள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அது தன் வீட்டுக்குள் நடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

சும்மா இருந்தால் மாமா திருடனாகிவிடுவார். வாய் திறந்தால் அப்பாவிடம் இருக்கும் ஒரே பட்டம் பறிபோகும். வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஊமைக்கோட்டானாகவே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"கத்துச்சுப்பா" என்றாள்.

அப்பா திரும்பினார். "என்னது?"

அவள் அருகில் போய் மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. "டிக் டிக்னு கத்துச்சு. ரெண்டு வாரமா."

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடியே. "தையல் மெஷின் ஓடுற மாதிரி."

"அப்ப ஏண்டி சொல்லலை?"

"வண்டியில பேசக்கூடாதுன்னு சொன்னது யாரு? நானா? உங்களுக்குக் கேக்காததா எங்களுக்குக் கேட்டுடப்போவுதுன்னு வாயை மூடிக்கிட்டு வந்தோம்."

டயர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டறையின் கோடியில் மாமாவின் பழைய வேன் நின்றது. மாமா போய் அதை முடுக்கிவிட்டு வந்தார். அதுவும் ஆயில் குடிக்கிற வண்டிதான். கூசாமல் டிக் டிக் என்றது. அப்பா அதனருகில் போய்க் குனிந்து, பிறகு இன்னும் குனிந்து, காதைப் பானெட்டை ஒட்டி வைத்தார். நிமிர்ந்தபோது மாமாவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"வருதா?"

"வருதுப்பா."

"எப்படி வருது?"

அவள் பானெட்டின் மேல் விரல்நகத்தால் அதே வேகத்தில் தட்டிக் காட்டினாள். அப்பா அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநாள் பழகிய ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டதை மூன்றாம் மனிதர் வாயால் கேட்பவரைப் போல.

பிறகு சட்டைப்பையிலிருந்து கார்ச்சாவியை எடுத்தார். மாமாவின் கையைப் பிடித்து, அதில் வைத்து மூடினார்.

"நீயே பாரு" என்றார்.

"வைச்சுட்டுப் போ" என்றார் மாமா. "மன்னிப்பெல்லாம் கேக்குற ஆளா நீ?" சற்றுக் கழித்து, "காதையும் ஒருதரம் சர்வீஸுக்கு விடு" என்றார்.

"அதையும் உங்கிட்டயே விடட்டுமா?" என்றார் அப்பா. மாமா அப்போதுதான் சிரித்தார்.

வேறு எஞ்சின் கிடைத்து, பொருத்தி, கார் வெளியே வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் காது டாக்டரிடமும் போய் வந்தாயிற்று. கருவிக்கு அளவெடுத்திருந்தார்கள், இன்னும் வரவில்லை. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது. மாமா சொல்லாமல் கொள்ளாமல் புது பல்பு போட்டிருந்தார். அப்பா அதைப் பார்த்தார். கியரைப் போட்டுக்கொண்டே, "பேசுறதானா பேசுங்க" என்றார்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரியம்மா வீட்டுக் கதையில் ஆரம்பித்து, அந்தப் பாலத்தில் தனக்கு உயிர் போய் வந்ததைச் சொல்லி, இத்தனை வருஷம் இந்தப் பின்சீட்டில் விழுங்கிய பேச்சையெல்லாம் வட்டியோடு எடுத்து வைத்தாள். சிக்னலில் நின்றபோதும் அவள் நிற்கவில்லை.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மகள் பக்கம் சாய்ந்தார்.

"ஏதாவது கேக்குதா?"

அவள் கண்ணை மூடி உண்மையாகவே கேட்டுப் பார்த்தாள்.

"அம்மா பேசுறதுதான் கேக்குது."

"அது எனக்கும் கேக்குது" என்றார் அப்பா. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.