நமுக்காத தீப்பெட்டி

திருநின்றவூரில் வீட்டையொட்டிய கொட்டகையில் ஆதிகேசவன் கடைசல் மெஷின் போட்டிருந்தான். மோட்டாரை ஓட்டினால் போதும், வீட்டு ஃபியூஸ் போய்விடும். கம்பி மாற்றி மாற்றிச் சலித்துப்போய், ஒருநாள் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி மாட்டினான். அதன்பின் பத்து நாளாக ஃபியூஸ் போகவேயில்லை. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெளியே ஐப்பசி அடைமழை. பீடி பற்றவைக்க மனைவி கங்கம்மாவிடம் தீப்பெட்டி வாங்கினான். முதல் உரசலிலேயே குச்சி பற்றிக்கொண்டது.

"ஊரெல்லாம் தீப்பெட்டி நமுத்துக் கெடக்குது. இது மட்டும் எப்டிமே பத்திக்கினுச்சு?"

"நீ மிஷின் ஓட்டசொல்ல ஃபியூஸ் பெட்டி மேல வெச்சிடுவேன். அடுப்பாட்டம் சூடா கீது."

பீடியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மெயினை அணைத்தான். செம்பைக் கழற்றிவிட்டுப் பழையபடி மெல்லிய கம்பியையே கட்டினான்.

மறுநாள் மோட்டாரைப் போட்டதும் ஃபியூஸ் போனது.

ஆதிகேசவன் "அப்பாடா" என்றான்.