மில்லிமீட்டர் தைத்த நீலக் கவுன்

தெருவில் அவரை யாரும் தையல்காரர் என்று சொல்வதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் பெயர். பின்னே? கடை திறந்ததிலிருந்து பூட்டுகிற வரைக்கும், "என் தையல்ல ஒரு மில்லிமீட்டர் பிசகினா கத்திரியைத் தூக்கிப் போட்டுடறேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தால், ஜனங்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

வேலை சுத்தம்தான், அதில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சுத்தத்துக்குள் ஒரு கள்ளத்தனமும் இருந்தது. உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம் என்று மற்ற தையல்காரர்கள் தையலுக்குள் இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார்கள். இவர் விடமாட்டார். தையலை ஒட்டியே நறுக்கிவிடுவார். கேட்டால், "உள்ள துணி மடிஞ்சு கெடந்தா வெளிய உப்பும்" என்பார். அதெல்லாம் வாய்ச்சொல். தன் தையலில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அவருடைய தங்கை பாடகி. உலக நாடுகளெல்லாம் கலந்துகொள்ளும் பாட்டுப் போட்டிக்கு இந்த முறை நம் நாட்டின் சார்பில் அவள் போயிருந்தாள், கடல் தாண்டி. அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தது அண்ணன்தான். போட்டிக்கான கவுனையும் அவரே தைத்தார்.

டேப் இடுப்பில் பட்டதும் எல்லாரும் வயிற்றை எக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். எத்தனையோ பேருக்கு "மூச்சை விடும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி அளந்தவர் அவர். தங்கையும் அப்படித்தான் மூச்சடக்கி நின்றாள். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. உலகமே பார்க்கப் போகிறது, ஒல்லியாகத் தெரியட்டுமே என்று ஆசை. அந்த அளவிலேயே வெட்டினார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், ஒத்திகை முடிந்து அவள் போன் பண்ணினாள்.

"அண்ணா, கவுன் பிரமாதம். எல்லாரும் கேக்கறாங்க. ஆனா பாடும்போது மட்டும் கொஞ்சம் இறுக்குது. இங்க ஒரு தையல்காரம்மா இருக்காங்க, பிரிச்சு விடச் சொல்லட்டுமா?"

வந்ததே கோபம் மில்லிமீட்டருக்கு. "அடுத்தவங்க கை வைக்கறதுக்கா நான் கண்ணு வலிக்க வலிக்கத் தைச்சேன்? புதுசுன்னா அப்படித்தான் இருக்கும். முடியலன்னா வேற எதையாவது மாட்டிக்கிட்டுப் பாடு. எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

 "சரிண்ணா" என்றாள் அவள்.

அங்கே ராத்திரி என்றால் இங்கே காலை. ஞாயிற்றுக்கிழமை, வெட்டுமேசை மேல் டிவியை ஏற்றி வைத்தாயிற்று. பக்கத்து சைக்கிள் கடைக்காரர், எதிர்வீட்டு வாத்தியாரம்மா, இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் கடைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மில்லிமீட்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"பாட்டை அப்புறம் கேக்கலாம். மொதல்ல அந்தத் தோள்பட்டையைப் பாருங்க!" என்றார்.

அவருடைய மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பாட வந்தவளைப் பாட விடுங்களேன்."

தங்கை மேடைக்கு வந்தாள். நீலக் கவுன் வெளிச்சத்தில் அப்படி விழுந்தது! கடையே "அடேயப்பா" என்றது. பாட்டு கீழ்க்குரலில் ஆரம்பித்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு உச்சத்துக்கு ஏற வேண்டிய இடம் வந்தது.

அவள் மூச்சை இழுத்தாள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், மில்லிமீட்டர் துணியைப் பார்த்தார். விலாவில் துணி விறைத்து நின்றது. அதற்கு மேல் ஒரு நூல் கூட நகரவில்லை. விலா விரிய இடமில்லாமல் தோள்பட்டை மேலே ஏறியது. குரல் பாதி ஏறி, பிளந்து, நின்றே போனது. ஒரு முழு வரியை இசை மட்டும் தனியாக வாசித்தது. வாய் திறந்தபடி அவள் சும்மா நின்றாள்.

ஐயோ பாவி, என்ன காரியம் செய்தாய் என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார், உள்ளுக்குள்தான்.

"தொண்டை கட்டிடுச்சு போல" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"பயந்துட்டா. இவ்வளவு தூரம் போய் இப்படிச் சொதப்பணுமா?" என்றாள் வாத்தியாரம்மா. பிறகு இவருக்கு ஆறுதலாக, "ஆனா கவுன்ல ஒரு சுருக்கம் இல்லைங்க. நீங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றாள்.

"ஆமா," என்றார் மில்லிமீட்டர். "தொண்டைதான்."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. செய்ததையும் செய்துவிட்டு, பழியையும் அவள் தலையில் போட்டாயிற்று. முகம் கூசியது. யாரையும் பார்க்க முடியாமல் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மதிப்பெண்கள் வந்தன, கடைசியிலிருந்து இரண்டாவது இடம். கூட்டம் எழுந்திருக்கவில்லை. துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்போது போன் அடித்தது. மனைவி எடுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அண்ணா, உன் கவுனைப் பாராட்டாத ஆளே இல்ல" என்றாள் தங்கை. அழுத குரல். "எனக்குத்தான் தொண்டை சரியில்ல."

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்மா."

"அண்ணா, பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஸ்பீக்கரை அணைச்சிடு."

மனைவி கையை நீட்டினாள். அவர் தடுத்தார்.

"இருக்கட்டும். கேக்கட்டும். மூச்சடக்கி நின்னப்ப எடுத்த அளவு அது. தெரிஞ்சேதான் வெட்டினேன். பாடறவளுக்கு மூச்சு வேணும்னு எனக்குத் தெரியாதா? பிரிச்சு விடச் சொல்லட்டுமான்னு கேட்டே, அதுக்கும் கத்தினேன்."

"நீ கத்தினப்புறமும் நான் பிரிக்கக் குடுத்தேண்ணா," என்றாள் அவள். "மன்னிச்சுடு. அந்தம்மா லைனிங்கைத் திறந்து பார்த்துட்டு, உள்ள விடறதுக்குத் துணியே இல்லைன்னாங்க. வேற துணியில ஒட்டுப் போட்டு அகலமாக்கவான்னு கேட்டாங்க. டிவியில ஒட்டு தெரியும், தெருவுல உனக்குக் கேவலமாயிடும்னு நான்தான் வேண்டாம்னேன். இருந்தபடியே மூடித் தைக்கச் சொல்லிட்டேன்."

 கத்திரியைத் தூக்கிப் போடுவதாகச் சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தக் கடையில் யாருக்கும் மனசு வரவில்லை. வாத்தியாரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னிப்பு கேட்க வேண்டியவர் அவர், கேட்டது அவள்.  அந்தப் பக்கம் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பது போனிலேயே தெரிந்தது.

"மூச்சை விடும்மா" என்றார்.