ஓரகத்திக்குக் கொடுத்த துணுக்கு

நானும் என் ஓரகத்தியும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். இந்தத் தண்டனை வேறு யாருக்காவது கிடைத்திருக்கிறதா என்று தெரியவில்லை. வீட்டில் மாமியார், "சின்னவ வந்த பிறகுதான் இந்த வீடு வீடா இருக்கு" என்பார். ஆய்வுக்கூடத்தில் இயக்குநர், "அவங்க டிஎன்ஏ பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்பார். பெரியவள் ஒருத்தி இருப்பது இரண்டு இடத்திலும் யாருக்கும் ஞாபகமில்லை.

பவளப்பாறை மீன்களின் செவுளில் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் தட்டைப்புழுக்களை இனம் பிரிப்பது எங்கள் வேலை. கண்ணை இடுக்கினால்தான் புழுவே தெரியும். அதன் வால் பக்கம் கொக்கிகள் இருக்கும். அந்தக் கொக்கியை மைக்ராஸ்கோப்பில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இது இன்ன இனம் என்று சொல்பவள் நான். களவா மீனின் செவுளில் இரண்டு இனம் இருக்கிறது, ஒன்று நீளக் கொக்கி, மற்றது குட்டைக் கொக்கி என்று சொல்லி வருடக்கணக்காகிறது. யாரும் இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவள் வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் காது திறந்துகொண்டது. என் கண்ணை நம்பாதவர்கள் அவளுடைய டிஎன்ஏ மெஷினை நம்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

முறை என்னவென்றால், ஒரு புழுவை இரண்டாக வெட்ட வேண்டும். கொக்கியுள்ள பாதி ஸ்லைடில் எனக்கு, மற்றப் பாதி டியூபில் அவளுக்கு. இரண்டுக்கும் ஒரே எண். கத்தி என் கையில். பாதி என்றால் பாதியா கொடுப்பேன்? தலை நுனியில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஸ்லைடில் வைத்துக்கொண்டேன். இந்தத் துணுக்கில் ஒன்றும் வராது, வந்து கெஞ்சட்டும் என்று காத்திருந்தேன்.

கெஞ்ச வரவில்லை. ஒரு மத்தியானம் மடிக்கணினியோடு, ஸ்பிரிட் வாடை அடிக்கும் என் அறைக்குள் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொன்னது சரிதான். நீளக் கொக்கி வேற, குட்டைக் கொக்கி வேற."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் நான் சொல்லி எடுபடாதது, இவள் வாயால் வந்ததும் சரியாகிவிட்டதே என்றுதான் சுருக்கென்றது.

"ஆனா நீளக் கொக்கியிலயே ரெண்டு வருதுக்கா. மொத்தம் மூணு இனம். எனக்கே நம்பிக்கை இல்ல, டியூப்ல ஏதாவது கலந்துடுச்சோ என்னவோ. நல்லவேளை, நீங்க உடம்பையும் ஸ்லைடுல வச்சிருக்கீங்க. பார்த்துடலாமா?"

என் கஞ்சத்தனத்துக்கு நன்றி சொல்கிறாள். கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

நீளக் கொக்கி ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தேன். கொக்கியில் இம்மி வித்தியாசம் இல்லை. "நீயே பாரு" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். மைக்ராஸ்கோப் பழக்கமில்லாதவள், கொஞ்சம் திணறட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

அவளுக்குக் கொக்கியை எங்கே தேடுவதென்றுகூடத் தெரியவில்லை. புழுவின் நடு உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்லைடை மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள்.

"அக்கா, நடுவுல ஒரு குழாய் இருக்கே. இதுல நேரா இருக்கு, இதுல நுனி வளைஞ்சிருக்கு. அது ஏன்?"

குனிந்து பார்த்தேன். இனப்பெருக்கக் குழாய். வளைந்துதான் இருந்தது. டிஎன்ஏவை வைத்து மூன்றாவது இனம் என்று அவள் பிரித்திருந்த எண்கள் எல்லாவற்றிலும் அப்படியே வளைந்திருந்தது. கொக்கியே கதி என்று வால் பக்கமே கிடந்த நான், அதை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இது என் மைக்ராஸ்கோப், என் ஸ்லைடு. என் நாற்காலியில் அவள் உட்கார்ந்து சூடுகூட ஆகவில்லை.

"அது ஒண்ணுமில்ல," என்றேன். "மேல கண்ணாடிய வச்சு அழுத்தும்போது அப்படி மடங்கும்."

வாய் கூசாமல் சொன்னேன். மடங்குவது உண்டுதான். ஆனால் அத்தனையும் ஒரே மாதிரி, ஒரே பக்கமாக மடங்காது.

"அப்படியா," என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அப்ப என் பக்கம்தான் தப்பு. டியூப்லதான் ஏதோ கலந்திருக்கு. மூணாவதை எடுத்துடறேன்க்கா. ரெண்டுன்னே இயக்குநர்கிட்ட சொல்லிடலாம்."

மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் கண் சொன்னால் போதும், மெஷின் எதற்கு என்று ஒருவராவது நினைக்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். கடைசியில் நினைத்தவள் இவள். அதுவும் நான் பொய் சொன்ன அன்றைக்கு.

அவள் கதவருகே போய்விட்டாள்.

"இரு," என்றேன். "மடிப்பு இல்ல. நீ பார்த்ததுதான் சரி. மூணு."

திரும்பி வந்தாள். "நிஜமாவா? எனக்காகச் சொல்லலையேக்கா?"

"உனக்காக நான் எதுக்குடி சொல்லப்போறேன்," என்றேன். அது மட்டும் மனசார வந்தது.