அளவுக்குப் போட்ட சொற்கள்

முடிக்காத பாட்டை ஒருவருக்கும் காட்டுவதில்லை என்பது நாகேந்திரத்தின் பிடிவாதம். கொள்கை என்று அவர் சொல்லிக்கொள்வார். அரைகுறை மெட்டை வெளியே விடுவது, அரைகுறையாக உடுத்திக்கொண்டு கொழும்பில் சனம் நெரியும் காலி வீதியில் நடப்பது மாதிரி என்பார். வெள்ளவத்தையில் அவருடைய அறைக் கதவு சாத்தியிருந்தால் பாட்டு நடக்கிறது என்று அர்த்தம். மனைவி தேநீரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கதவு திறக்கும்போது பாட்டு முழுசாக வரும். அதில் ஒரு சுரத்தைத் தொட ஒருவருக்கும் உரிமை கிடையாது. பாடுகிறவளுக்கும் கூட.

பாடுகிறவள் அருந்ததி. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை, வீடு கொட்டாஞ்சேனையில். வருடந்தோறும் நடக்கும் மெல்லிசை விழாவில் நாகேந்திரத்தின் பாட்டை அவள்தான் பாடுவாள். போன வருடம் சரணத்தின் உச்சியில் அவள் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், வாயைப் பொத்திக்கொள்ளும் மரியாதைகூட இல்லாமல். நாகேந்திரம் என்ன செய்தார்? "தொண்டை சரியில்லை, பாவம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து அருந்ததி குளிர்ந்த தண்ணீரைத் தொடுவதில்லை; காலையில் மிளகு, இரவில் அதிமதுரம். இந்த வருடமும் சறுக்கினால் பாட்டையே விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

விழா நெருங்கியும் புதுப் பாட்டு வந்து சேரவில்லை. தபேலா வாசிக்கும் தாஸிமுக்குப் பொறுமை போய்விட்டது.

"முடிஞ்சாத்தான் காட்டுவன் எண்டா எப்பிடி மாஸ்டர்? எங்களுக்கும் காது ஈக்கிதானே. ஈக்கிறதக் கொண்டு வாங்க, கேட்டுப் பாப்பம்."

சரணத்துக்கு வரிகள் கிடைக்காமல் நாகேந்திரம் தவித்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கசெட் றெக்கோடரைத் துவாயில் சுற்றிக்கொண்டு, தாஸிமையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார்.

அருந்ததியின் மாமி வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். மருமகளின் பாட்டைத் தானும் கேட்கலாமே என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கசெட் ஓடியது. வெறும் தானனாவில் வந்த பல்லவி நன்றாகத்தான் இருந்தது. தாஸிம் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். அருந்ததியின் முகம் மலர்ந்தது. காட்டியது தப்பில்லை போலிருக்கிறதே என்று நாகேந்திரம் ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

கடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மெட்டுக் கட்டுகிறவர்கள், சரியான வரி அமையும்வரை அளவுக்காக வாயில் வந்த சொற்களைப் போட்டுப் பாடி வைப்பார்கள். சிலருக்குக் காய்கறிப் பெயர் வரும், சிலருக்கு பஸ் நிற்கும் இடங்களின் பெயர். சாத்திய கதவுக்குள் நாகேந்திரத்துக்கு வந்தது வேறு. பதறிப்போய்ப் பொத்தானுக்குக் கையை நீட்டினார். "பொறுங்க மாஸ்டர், நல்ல எடம் வருது" என்று தாஸிம் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாகேந்திரத்தின் குரல் கணீரென்று பாடியது:

அருந்ததி ராணி படியேறி
அரைவழி நின்று மூச்செடுப்பா
மேலே வாவெனக் கூப்பிட்டால்
பூனையைப் போலே கத்திடுவா

தாஸிமின் தாளம் நின்றது.

"இதென்ன தம்பி, எங்கட பிள்ளையை எல்லே சொல்லுது?" என்றாள் மாமி. சண்டைக்குக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

நாகேந்திரத்தால் வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மானம் போகிற நேரத்திலா வாய் நிறைய உளுந்து இருக்கவேண்டும்?

"அது… சும்மா அளவுக்குப் போட்டது. அர்த்தம் ஒண்டுமில்லைப் பிள்ளை."

"அர்த்தம் இருக்கு" என்றாள் அருந்ததி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருக்கலாம். "இன்னொருக்காப் போடுங்கோ."

போடத்தான் வேண்டியிருந்தது. பூனை இரண்டாம் தரமும் கத்தியது. அருந்ததி இந்தத் தடவை சொற்களை விட்டுவிட்டு மெட்டின் உச்சியை மட்டும் கவனித்தாள்.

"இது மேல் பஞ்சமம்தானே? போன வருசப் பாட்டிலயும் இதுவரைக்கும்தானே போனது?"

"ஓம்."

"எனக்கு அது எட்டாதெண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சபடியால்தானே இப்பிடிப் பாடி வைச்சிருக்கிறியள். பிறகேன் திரும்பவும் அங்கயே கொண்டுபோறியள்?"

மெட்டு அப்படித்தான் வந்தது என்ற பதில் அவரிடம் இருந்தது. அந்த வீட்டுக்குள் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"போன வருசமும் இப்பிடி அரைகுறையாக் காட்டியிருந்தா, எட்டாதெண்டு அப்பவே சொல்லியிருப்பன். ஒரு வருசமா என்ர தொண்டையைத்தான் திட்டிக்கொண்டிருந்தனான்."

நாகேந்திரம் கூனிக் குறுகிப் போனார். பூனை என்று திட்டியதற்கான வெட்கம் மட்டும் என்றால் நாலு நாளில் ஆறிவிடும். முன்வரிசையில் சிரித்தவர்களைவிடத் தான் மோசம் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அவர்களுக்கு அவள் குரலின் எல்லை தெரியாது. இவருக்குத் தெரியும்.

மூலையில் இருந்த அருந்ததியின் ஆர்மோனியத்தை இழுத்துக்கொண்டார். உச்சியை இரண்டு சுரம் கீழே, காந்தாரத்தோடு நிறுத்தி, அங்கிருந்து வளைத்துக் கீழே கொண்டுவந்து வாசித்தார்.

"இப்பிடி இருந்தா?" என்று கேட்டார். தன் மெட்டைப் பற்றி அவர் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அருந்ததி பாடினாள். வேறு வரி இல்லாததால் அந்த வரிகளையே பாடினாள். மேலே வாவெனக் கூப்பிட்ட இடத்தில் குரல் உடையாமல் ஏறி, நின்று, நிறைவாக இறங்கியது. தாஸிமின் கை தானாகத் தாளத்தில் சேர்ந்துகொண்டது. மெட்டும் முன்பைவிட அழகாக இருந்தது.

"இப்ப சரியா மாஸ்டர்?" என்று கேட்டாள் அருந்ததி.

"சரி" என்றார் நாகேந்திரம், ஆர்மோனியக் கட்டைகளைப் பார்த்தபடி. போன வருடம் மேடையை விட்டு இறங்கியதும் அவள் அவரிடம்தான் நேரே வந்தாள். "என்ர பிழைதானே மாஸ்டர்?" என்று கேட்டாள். அவர் ஓமென்று தலையாட்டியிருந்தார்.